யூனிக்ஸில் கடவுச்சொல் மாற்றம்: உள்ளூர்க் கணக்கும் வலையமைப்புக் கணக்கும் குழம்பும் இடங்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸின் சில்லு வடிவமைப்புக் கூடங்களில் லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் நம்மவர்களுக்கு இந்தப் புகார் பழக்கமானதுதான்: "அண்ணே, நேற்றுதான் கடவுச்சொல்லை மாற்றினேன். என் மேசைக் கணினியில் புதியது போகிறது, சர்வரில் பழையதுதான் போகிறது." தட்டச்சுப் பிழை என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. பெரும்பாலும் அவருடைய கணக்கு இரண்டு இடங்களில் இருக்கும்; மாற்றம் ஓரிடத்தில் மட்டும் நடந்திருக்கும்.

ஒரு கணக்கின் கடவுச்சொல், திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றிய ஹாஷ் வடிவில், அந்தக் கணினியின் உள்ளூர்க் கடவுச்சொல் கோப்பான ஷேடோ கோப்பிலேயே இருக்கலாம். அல்லது என்ஐஎஸ், எல்டாப், கெர்பரோஸ் போன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான மையச் சேவை ஒன்றில் இருக்கலாம். பயனரை எங்கெங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதை என்எஸ்ஸ்விட்ச் கோப்பு சொல்கிறது. கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதும் மாற்றுவதும் பாம் என்ற நுழைவுச் சோதனை அடுக்கின் வேலை. ஆனால் பாமின் அமைப்புக் கோப்புகளில் சரிபார்ப்புக்கான வரிகள் வேறு, மாற்றத்துக்கான வரிகள் வேறு. பயனர் உள்ளே நுழைந்துவிட்டார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, மாற்றமும் ஒழுங்காக நடக்கும் என்று நம்புவதிலிருந்துதான் இங்கே பேசப்போகும் தவறுகளில் பல கிளைக்கின்றன.

இரட்டைக் கணக்கு எப்படி உருவாகிறது? ஓர் அலுவலகம் உள்ளூர்க் கணக்குகளிலிருந்து எல்டாப்புக்கு மாறும்போது, ஒவ்வொரு கணினியிலும் இருந்த பழைய வரிகளை யாரும் நீக்குவதில்லை. என்எஸ்ஸ்விட்ச் வழக்கமாக உள்ளூர்க் கோப்பையே முதலில் பார்க்கும். பாம் அடுக்கிலும், அதன் பகுதிகளான மாட்யூல்களில் உள்ளூர் மாட்யூல்தான் முன்னே நிற்கும், அது வெற்றி பெற்றால் போதும் என்ற குறிப்போடு. பயனர் பாஸ்வேர்டு கட்டளையை இயக்கியதும் உள்ளூர் ஷேடோ கோப்பு திருத்தப்படுகிறது. வெற்றி என்ற செய்தியும் வருகிறது. எல்டாப் சர்வருக்குக் கோரிக்கை போவதே இல்லை. இதைக் கண்டுபிடிக்க, கணக்கு விவரங்களைத் தேடித்தரும் கெட்என்ட் கட்டளையை எஸ் விருப்பத்தோடு இரண்டு முறை இயக்கினால் போதும்: ஒருமுறை கோப்புகளை மட்டும் கேட்க வேண்டும், மறுமுறை, மையச் சேவையோடு பேசும் நிரலான எஸ்எஸ்எஸ்டியை மட்டும் கேட்க வேண்டும். இரண்டும் பதில் சொன்னால் உள்ளூர் வரியை நீக்குங்கள். நீக்குமுன் இரண்டிலும் பயனர் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அவருடைய கோப்புகளின் உரிமையையும் மாற்ற வேண்டியிருக்கும். கணக்கை நீக்கும் யூசர்டெல் கட்டளையோடு ஆர் விருப்பத்தை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அது பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்பகத்தையும் சேர்த்து அழிக்கும். அந்தக் கோப்பகம் என்எஃப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்புப் பகிர்வு வழியாக வருவதாக இருந்தால், அந்தப் பயனரின் வேலை எல்லாக் கணினிகளிலிருந்தும் ஒரே நொடியில் போய்விடலாம்.

பாம் வரிகளில் விடுபடும் ஒரு சிறு சொல்லும் பெரிய கேடு செய்யும். கடவுச்சொல்லின் தரத்தைச் சோதிக்கும் மாட்யூல் முதலில் புதிய சொல்லைக் கேட்டு வாங்குகிறது. அதற்குப் பின் வரும் மாட்யூல்கள் அதே சொல்லை எடுத்துக்கொள்ள யூஸ் ஆத்டோக் என்ற குறிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் பின்வரும் மாட்யூல் தானாக இன்னொரு முறை கேட்கும். அப்போது சோதனையில் தேறிய சொல் ஒன்றாகவும் சேமிக்கப்பட்ட சொல் வேறொன்றாகவும் இருக்க இடமுண்டு. இந்தக் கோப்புகளைக் கையால் திருத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. ரெட்ஹாட் வகையில் ஆத்செலக்ட் கருவியும், டெபியன் வகையில் பாம் ஆத் அப்டேட் கருவியும் இவற்றை நிர்வகிக்கின்றன; ரெட்ஹாட் வகையில் கையால் செய்த திருத்தத்தைக் கண்டால் ஆத்செலக்ட் வேலை செய்ய மறுக்கும், கட்டாயப்படுத்தி இயக்கினால் நம் திருத்தம் போய்விடும்.

யூனிக்ஸ் வகைகள் கலந்திருக்கும் இடத்தில் விருப்பக்குறிகளை மனப்பாடமாகப் பயன்படுத்தக் கூடாது. ஃப்ரீபிஎஸ்டியில் பாஸ்வேர்டு கட்டளையோடு எல் சேர்த்தால், உள்ளூர்க் கோப்பில் மட்டும் மாற்று என்று பொருள். லினக்ஸிலும் சோலாரிஸிலும் அதே எல் கணக்கைப் பூட்டிவிடும். சோலாரிஸில் இடத்தைக் குறிப்பிட ஆர் விருப்பம் இருக்கிறது; அதன் பின் ஃபைல்ஸ் என்றோ எல்டாப் என்றோ எழுத வேண்டும். லினக்ஸில் பூட்டிய பிறகும் கடவுச்சொல் இல்லாமல் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவியால் நுழைய முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை இப்படி மூடிவிட்டதாக நினைப்பது பிழை.

ரூட் எனப்படும் முதன்மை நிர்வாகப் பயனரின் அதிகாரம் தன் கணினியோடு முடிகிறது. வலையமைப்புப் பயனரின் கடவுச்சொல்லை ரூட்டாக இருந்து மாற்ற முயன்றால் எஸ்எஸ்எஸ்டி வெளிப்படையாகவே மறுத்துவிடும், அதுதான் சரியான நடத்தை. இதைச் சுற்றிப்போக, எல்டாப் நிர்வாகியின் கடவுச்சொல்லை ஒவ்வொரு கணினியிலும் ஒரு கோப்பில் எழுதிவைப்பவர்கள் உண்டு. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்: ஒரு கணினி பறிபோனால் அலுவலகத்தின் எல்லாக் கணக்குகளும் பறிபோகும். மீட்டமைப்பை மையச் சேவையின் கருவியால், அதற்கு உரிமை பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும்.

என்ஐஎஸ் இன்னும் ஓடும் இடங்களில், மாஸ்டர் சர்வரின் கோப்பை நேரடியாகத் திருத்திவிட்டு மற்றக் கணினிகள் படிக்கும் பட்டியல்களான மேப்களை மீண்டும் உருவாக்கும் மேக் கட்டளையை மறப்பது வழக்கமான தவறு. ரெட்ஹாட் 9ஆம் பதிப்பில் என்ஐஎஸ் நீக்கப்பட்டுவிட்டதால், அதிலேயே நீடிக்கத் திட்டமிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கெர்பரோஸில் நுழைவு 88ஆம் போர்ட் வழியாகவும் கடவுச்சொல் மாற்றம் 464ஆம் போர்ட் வழியாகவும் நடக்கின்றன. ஃபயர்வாலில் 88ஐ மட்டும் திறந்துவிட்டால் எல்லாரும் நுழைவார்கள், யாராலும் மாற்ற முடியாது; முதல் கடவுச்சொல் காலாவதியாகும் வரை அது வெளியே தெரியவும் தெரியாது. கடிகாரமும் பொருந்த வேண்டும். வழக்கமான அமைப்பில் 5 நிமிட வேறுபாடு வரைதான் அனுமதி. நேர மண்டலத்தை உலகப் பொது நேரமான யூடிசியிலேயே விட்டுவிட்டுக் கடிகாரத்தைக் கையால் மலேசிய நேரத்துக்குத் திருப்பிய கணினி உண்மையில் 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கெர்பரோஸ் ஏற்காது. மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று அமைத்து, நேரத்தை, வலையமைப்பு வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி பார்த்துக்கொள்ள விட வேண்டும்.

காலாவதியிலும் இந்த 8 மணி நேரம் குறுக்கிடுகிறது. ஷேடோ கோப்பு நாள்களை 1970 ஜனவரி 1 முதல் யூடிசி கணக்கில் எண்ணுகிறது. ஆகவே நமக்கு நாள் புரள்வது நள்ளிரவில் அல்ல, காலை 8 மணிக்கு. 7.50க்கு நுழைந்தவருக்கு ஒன்றும் ஆகாது, 8.10க்கு வந்தவரிடம் புதிய சொல் கேட்கப்படும். அவசர வேலை இருக்கும் நாளில் காலாவதி விழாதபடி காலாவதி விவரத்தைக் காட்டவும் மாற்றவும் உதவும் சேஜ் கட்டளையால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சேஜ் உள்ளூர்க் கணக்குகளுக்கு மட்டுமே உதவும். வலையமைப்புக் கணக்குகளின் கால வரம்பை மையச் சர்வரின் கொள்கையில்தான் அமைக்க வேண்டும்.

எஸ்எஸ்எஸ்டியில் நுழைவுச் சான்றுகளைச் சேமித்துவைக்கும் வசதியை இயக்கியிருந்தால், சர்வரோடு தொடர்பற்ற மடிக்கணினியில் பழைய கடவுச்சொல் தொடர்ந்து செல்லுபடியாகும். கடவுச்சொல் திருடுபோனதால் மாற்றுகிறோம் என்றால், அந்தக் கணினி மீண்டும் இணைந்து, பயனர் புதிய சொல்லால் ஒருமுறை நுழையும் வரை வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

அமைப்பைத் திருத்தும்போது ஒரு ரூட் அமர்வைத் திறந்தே வைத்திருங்கள். பாம் கோப்பில் ஓர் எழுத்து பிசகினாலும் புதிதாக யாரும் நுழைய முடியாமல் போகலாம். ரூட் கணக்கை எப்போதும் உள்ளூரிலேயே வையுங்கள். வலையமைப்பு விழும்போதுதான் அது தேவைப்படும். திருத்தி முடித்ததும் ஒரு சோதனைப் பயனரின் கடவுச்சொல்லை ஒரு கணினியில் மாற்றி, வேறொரு கணினியில் புதியதால் நுழைந்து பாருங்கள். பழையது மறுக்கப்படுகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.