கோவை கொட்டேஷனோடு ஊட்டிக்கு ஏறாதீர்கள்: மலை வீட்டுக் கம்ப்யூட்டரிலும் வைஃபையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை காந்திபுரத்தில் எழுதி வாங்கும் கொட்டேஷனில் பிராசசர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கேபினட், மானிட்டர் என்று வரிசையாக இருக்கும். யுபிஎஸ் கடைசி வரி. காசு பத்தாவிட்டால் முதலில் அடிபடுவதும் அதுதான். லேன் வயருக்கு வரியே இருக்காது. சமவெளியில் அந்தத் தாள் ஓரளவு செல்லும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வீடுகளுக்கு அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். குறைந்த விலை பிராசசரை வைத்து ஐந்து வருஷம் ஓட்டிவிடலாம். எர்த் இல்லாத வீட்டில், சாயங்காலம் துவளும் வோல்டேஜில், எந்த பிராசசரும் ஒன்றுதான்.

கரண்ட்டைப் பார்க்காமல் பட்ஜெட் போடுவது

கடைக்குப் போவதற்கு முன், மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து, கம்ப்யூட்டர் வைக்கப்போகும் அறையின் பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நேரம் முக்கியம்: மாலை ஆறரை முதல் ஒன்பது வரை. ஊர் முழுக்க கீசரும் ஹீட்டரும் ஓடும் நேரம் அது. மதியம் 225 காட்டிய பிளக் ராத்திரி 180க்கு இறங்கினால், அந்த 180ஐ வைத்துத்தான் சாமான் தேர்வு செய்ய வேண்டும்.

கையோடு எர்த்தையும் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வரும் எண்ணும், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வரும் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வந்தால் சந்தேகப்படலாம். மூன்று ஓட்டை பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பழைய வீடுகளிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் மூன்றாவது ஓட்டை சும்மா அலங்காரமாக இருப்பதுண்டு. கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் டப்பாவான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த்துக்கு விட வேண்டிய கசிவு, போக வழியில்லாமல் தகட்டில் நிற்கிறது. 230 வோல்ட்டில் பாதி அங்கே தெரியும். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வது இதற்குத் தீர்வாகாது. எர்த் குழி போடும் செலவையும் கம்ப்யூட்டர் பட்ஜெட்டிலேயே சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவசமாக வரும் டப்பாவில் 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த எண்ணை விட, இன்புட் என்று போட்டிருக்கும் வரியைப் படியுங்கள். சிலவற்றில் 200–240 வோல்ட் என்றும், சிலவற்றில் 100–240 என்றும் இருக்கும். முதல் வகை, வோல்டேஜ் 180க்கு இறங்கும் வீட்டில் கம்ப்யூட்டரை நினைத்தபோது ரீஸ்டார்ட் செய்யும். இன்புட் 100–240 என்று போட்டிருக்கும், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள, 80 பிளஸ் ப்ரோன்ஸ் (கரண்ட்டை வீணாக்காததற்கான சான்று) தர, 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று போதும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின் சாதாரண வேலையில் 100 வாட்டைக்கூட எட்டாது. அதற்கு 650, 750 வாட் வாங்குவது வீண்.

யுபிஎஸ்ஸில் விஏ என்பதையும் வாட் என்பதையும் குழப்பிக்கொள்கிறார்கள். 600 விஏ என்று எழுதியிருந்தால் கிடைப்பது சுமார் 360 வாட். உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருக்கும். மானிட்டரையும் சேர்த்து 90 வாட் இழுக்கும் கம்ப்யூட்டருக்கு அது கால் மணி நேரம் தாங்கினால் நல்லது. வேலையைச் சேமித்து ஷட்டவுன் செய்யத்தான் அந்த நேரம்; படம் பார்க்க இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் இன்புட் ரேஞ்சும் முக்கியம். 140 வோல்ட் வரை தாங்கும் யுபிஎஸ், 180ஐ உள்ளே உயர்த்திக் கொடுத்துவிடும். 185க்கே பேட்டரிக்குத் தாவும் யுபிஎஸ்ஸோ தினமும் சாயங்காலம் பேட்டரியைச் சுரண்டித் தின்னும். இரண்டு மூன்று வருஷம் உழைக்க வேண்டிய பேட்டரி ஒரு வருஷத்தில் படுத்துவிடும்.

மலையில் அதிகம் நடக்கும் தவறு இன்னொன்று: கம்ப்யூட்டர் செருகியிருக்கும் அதே ஸ்பைக் பஸ்டரில் (பல பிளக் உள்ள நீட்டிப்புப் பலகை) ரூம் ஹீட்டரைச் செருகுவது. 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் தாங்குவது 6. ஹீட்டர் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் சரிந்து கம்ப்யூட்டர் திணறும், பிறகு பஸ்டர் உருகும். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பிளக், தனி லைன். லேசர் பிரிண்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், சூடேறும் நொடியில் யுபிஎஸ் அலறும்.

பெயரைப் பார்த்து பிராசசர் வாங்குவது

“ஐ5, 16 ஜிபி, எஸ்எஸ்டி, புது பீஸ்” என்று நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால், எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். ஐ5 3470 என்பது 2012இல் வந்தது. போர்டும் கேபினட்டும் புதிதாக இருக்கலாம், சிப் அதே பழையது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு அந்தப் பழைய மெஷின் தாராளம், மற்றவர்களுக்கு வேண்டாம்.

ஒரு எழுத்தில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐ3 12100இல் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, 12100எஃப்-இல் கிடையாது. ரைசன் 5 5600ஜி-யில் இருக்கிறது. 5600இலும் 5500இலும் கிடையாது. கொஞ்சம் காசு மிச்சம் என்று எஃப் வாங்கி, ஊருக்கு வந்து மாட்டினால் மானிட்டர் கறுப்பாகவே நிற்கும். படிப்பு, ஆபீஸ் வேலை, டேலி, வீடியோ கால் இதற்கெல்லாம் 12100 அல்லது 5600ஜி போதும். 5600ஜி எடுத்தால் ஜென் 4 (பிசிஐஇ நான்காம் தலைமுறை) எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்தச் சிப் ஜென் 3 வேகத்துக்கு மேல் போகாது.

ரேமை 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு குச்சி இருந்தால் இரண்டு பாதை. நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். போர்டு டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்பதையும் பில் போடும் முன் பார்த்துவிடுங்கள், ஒன்று மற்றதில் நுழையாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருப்பதால், போன மாதக் கொட்டேஷனை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

லிக்விட் கூலர், ஆறு கலர் ஃபேன் எல்லாம் மலைக்குத் தேவையில்லாத ஆடம்பரம். ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஃபேனின் வேலையும் அந்த அளவு குறையும். ஆனால் அறையே 15 டிகிரியில் இருக்கும்போது அந்தக் குறை தெரியாது. பெட்டியோடு வரும் கூலர் போதும். அந்தக் காசை யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

கீழேயே அசெம்பிள் செய்து பஸ்ஸில் கொண்டுவருவதானால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். போர்டு தரைக்கு இணையாக வரும்படி கேபினட்டைப் படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கூலரின் எடை போர்டை இழுக்கும். ஜிஎஸ்டி பில், பெட்டி, சீரியல் நம்பர் ஸ்டிக்கர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாரண்டிக்குத் திரும்பவும் மலை இறங்க வேண்டியிருக்கும்.

ஈரம்

கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரிலும் சுவரே வியர்க்கும். கேபினட்டை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நான்கு விரல்கடையாவது இடைவெளி விடுங்கள். தரையிலும் வேண்டாம். குளியலறை, சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம்: ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தகட்டில் காலையில் வெந்நீர் ஆவி பட்டால் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் கோர்க்கும். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடே உலர்த்திவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான், பருத்தித் துணி போதும்.

வைஃபை வரவில்லை என்று மூடுபனியைத் திட்டுவது

பனிமூட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸையோ 5 கிகாஹெர்ட்ஸையோ வீட்டுத் தூரத்தில் ஒன்றும் செய்யாது. தடுப்பது சுவர். பழைய பங்களாக்களின் கருங்கல் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி கனம். சரிவில் கட்டிய வீட்டில் கீழ்த்தளத்தின் ஒரு பக்கம் முழுக்க மண். தகரக் கூரையும் ஸ்டீல் பீரோவும் அலையைத் திருப்பி அடிக்கும். ஃபைபர் நுழைந்த மூலையிலேயே, பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டு, பத்தவில்லை என்று எக்ஸ்டெண்டர் வாங்குவதுதான் வழக்கமான கதை. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் வேகத்தைப் பாதியாக்கும். சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் செத்த சிக்னலையே பெருக்கும்.

ரவுட்டர் பெட்டியில் ஏசி1200 என்று போட்டிருப்பது 300ஐயும் 867ஐயும் கூட்டி, வரும் 1167ஐ 1200 ஆக்கிய கணக்கு; எந்த ஒரு போனுக்கும் 1200 கிடைக்காது. அதைவிட முக்கியம் லேன் போர்ட்: 10/100 என்று இருந்தால் 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தும் வயரில் 100ஐத் தாண்டாது. 10/100/1000 என்று இருக்க வேண்டும்.

டெஸ்க்டாப்புக்கு நகக்கண் அளவு யுஎஸ்பி டாங்கிளைக் கேபினட் பின்னால் செருகுவது, இரும்புப் பெட்டிக்கும் கல்சுவருக்கும் நடுவே ரேடியோவை ஒளித்து வைப்பது மாதிரி. பக்கத்தில் யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடினால் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலும் சேரும். வேறு வழியில்லை என்றால் ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் மேஜைமேல் கொண்டுவந்து வையுங்கள். முடிந்தால் வயரே போடுங்கள்.

வயர் என்றால் கேட் 6, முழுச் செம்பு. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வயர் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் (கிரிம்ப்) வரிசை, இரு முனையிலும் ஒன்றே: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். எட்டும் சேர்ந்தால்தான் 1000. விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸில் 100 என்று காட்டினால், இரு முனையிலும் போர்ட் 1000 ஆக இருக்கும்பட்சத்தில், ஏதோ ஒரு ஜோடி ஒட்டவில்லை.

அந்த வயரின் மறுமுனையில் வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரையே ஆக்ஸஸ் பாயின்ட்டாக (அதே நெட்வொர்க்கின் வைஃபையை அந்த அறையிலும் பரப்பும் பெட்டியாக) மாற்றலாம். முதலில் ரீசெட் செய்து, வயர் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து அதன் பக்கத்தைத் திறங்கள். மெயின் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். புது எண்ணில் மறுபடி நுழைந்து, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மெயினில் உள்ளதையே போடுங்கள். 2.4 சேனல் மெயினில் 1 என்றால் இதில் 6 அல்லது 11. கடைசியாகத்தான் டிஹெச்சிபியை (ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுக்கும் வசதி) அணைக்க வேண்டும். முதலிலேயே அணைத்தால் கம்ப்யூட்டருக்கு எண் கிடைக்காமல் நீங்கள் வெளியே நிற்பீர்கள். வயரை இரண்டு பக்கமும் லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் போர்ட்டில் (இன்டர்நெட் வயருக்கான போர்ட்) செருகினால் இரண்டு தனித்தனி நெட்வொர்க் ஆகி, மேல் அறை போனுக்குக் கீழ் அறை பிரிண்டர் தெரியாது.

பக்கத்து வீட்டுக்கோ காட்டேஜுக்கோ செம்பு லேன் வயரை வெளியே இழுக்காதீர்கள். ஏப்ரல், மே கோடை மழையிலும் அக்டோபர் மழையிலும் மின்னல் பக்கத்தில் விழுந்தாலே போதும், இரு முனை போர்ட்டும் கருகும். இரண்டு மீடியா கன்வர்ட்டர் (லேன் வயரை ஃபைபருக்கு மாற்றும் பெட்டி), நடுவே ஃபைபர் என்பதே சரி. ஆனால் ஃபைபர் என்பதால் பயமில்லை என்றும் இருக்க முடியாது. தொங்கவிடும் ட்ராப் கேபிளில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி ஓடுவதுண்டு. அதை வீட்டுக்கு வெளியிலேயே பிரித்து வெட்டிவிடச் சொல்லுங்கள். இடி இடித்தால் ஸ்விட்சை அணைப்பது போதாது, பிளக்கையே உருவ வேண்டும். மிச்சக் கேபிளைச் சுருட்டினால் வளையம் டம்ளர் வாயை விடச் சின்னதாக வேண்டாம்.

கரண்ட் போனால் ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் நல்ல செலவு. முதலில் ரவுட்டர் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 12 வோல்ட்தான் அதிகம், 9 வோல்ட் ரவுட்டர்களும் இருக்கின்றன. 9இல் 12ஐச் செருகினால் எரியக்கூடும். ஃபைபர் மோடமும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். 2000 எம்ஏஹெச் செல் இரண்டு இருந்தால் மொத்தம் கிட்டத்தட்ட 15 வாட்-அவர். 8 வாட் இழுக்கும் ரவுட்டருக்கு இரண்டு மணி நேரம்கூட வராது, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும். மினி யுபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோடத்தில் லாஸ் (LOS, ஃபைபர் சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக மின்னினால், எங்கோ கற்பூர மரக் கிளை விழுந்து கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது கனெக்ஷன் கொடுப்பவர் முனையிலும் கரண்ட் இல்லாமல் இருக்கலாம். ரவுட்டரை ரீசெட் செய்து செட்டிங்ஸையும் அழித்துக்கொள்ளாமல், கனெக்ஷன் கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள்.