பயறு விவசாயிகள் குழு: பேச்சை வரப்புக்குக் கொண்டுபோங்கள்

நெல்லுக்கும் கரும்புக்கும் கிடைக்கிற கவனம் பயறுக்குக் கிடைப்பதில்லை. மிச்சமிருக்கும் ஈரத்தில், மிச்சமிருக்கும் நிலத்தில் விதைத்துவிட்டு, வந்தவரை லாபம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் உளுந்தும் பச்சைப்பயறும் 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும் பயிர்கள். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் அதை ஈடுகட்ட அடுத்த வாரம் போதாது. எனவே சரியான யோசனை சரியான நாளில் பக்கத்து வயலிலிருந்தே கிடைக்க வேண்டும். பயறு போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு குழு வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

முதலில் ஆட்கள். 15 பேருக்குக் குறைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வயல்கள் போதாது. 25 பேரைத் தாண்டினால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கைகட்டி நிற்பார்கள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1989-இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளியிலும் ஏறத்தாழ இதே அளவுதான். வாராவாரம் வயலில் கூடுவது, பூச்சியையும் பயிரையும் தாங்களே பார்த்து முடிவெடுப்பது என்ற அந்த முறை பயறுக்கு அப்படியே பொருந்தும். ஒரே மண்வாகு, ஒரே விதைப்புப் பருவம் உள்ளவர்களாகச் சேருங்கள். களை எடுக்கும் பெண்களையும் காய் பறிக்கும் பெண்களையும் கட்டாயம் சேருங்கள். இலையில் மஞ்சள் விழுவதை முதலில் பார்ப்பது அவர்கள் கண்தான்.

கூட்டத்தை மாதத் தேதி வைத்துக் கூட்டாதீர்கள், பயிரின் வயதை வைத்துக் கூட்டுங்கள். விதைப்புக்கு முன், 15-ஆம் நாள், 30 முதல் 35-ஆம் நாளுக்குள், பூக்கும்போது, அறுவடைக்கு முன், கடைசியாக விற்று முடித்தபின் என்று ஆறு கூட்டம் போதும். கடைசிக் கூட்டத்தைத் தவிர எதுவும் கூரைக்குக் கீழே நடக்க வேண்டாம்.

விதைப்புக்கு முந்தைய கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி விதை கொண்டுவரச் சொல்லுங்கள். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, சில நாள் கழித்து முளைத்ததை எண்ணினால் யாருடைய விதை விதைக்கத் தகுந்தது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிடும். 75-க்குக் கீழே முளைத்தால் அந்த விதையை விட்டுவிடுவது நல்லது. அன்றைக்கே ரைசோபியம், அதாவது வேரில் முடிச்சுகள் உண்டாக்கிக் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்க்கும் நுண்ணுயிர், கலந்தும் காட்டுங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் பாக்கெட்டைக் கரைத்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும். வெயில் பட்டால் நுண்ணுயிர் செத்துவிடும். பூஞ்சணக்கொல்லி கலக்கிறவர்கள் அதை ஒரு நாள் முன்னதாகவே கலந்துவிட வேண்டும். மொத்தமாக வாங்கும்போது பாக்கெட்டின் மேல் எந்தப் பயிர் என்று போட்டிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். உளுந்துக்கான ரைசோபியம் கொண்டைக்கடலை வேரில் வேலை செய்யாது.

15-ஆம் நாள் கூட்டத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நான்கு குச்சிகளைக் கட்டி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்துகொள்ளுங்கள். வயலில் ஐந்தாறு இடத்தில் அதைப் போட்டு உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுங்கள். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் சட்டத்துக்குள் 33 செடி இருக்க வேண்டும். வரப்பிலேயே கணக்குப் போடுங்கள்: செடிக்கு 15 காய், காய்க்கு 6 மணி, நூறு மணி 4 கிராம் என்று வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 119 கிராம், ஏக்கருக்கு ஏறக்குறைய 480 கிலோ. 23 செடிதான் இருக்கிறது என்றால் அதே கணக்கில் 335 கிலோ. இடம் கிடைத்த செடி கொஞ்சம் கூடுதலாகக் கிளைத்து ஓரளவு ஈடுகட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் முழுதாக ஈடுகட்டாது. மருந்துக்கும் உரத்துக்கும் அலைவதற்கு முன்னால் இந்த இடைவெளியைப் பேசுங்கள். விதை ஆழமா, ஈரம் போதவில்லையா, எறும்பு இழுத்ததா என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். வயல் வயலாகப் போய்ப் பார்த்தால் அந்தந்த வயலின் காரணம் வெளியே வந்துவிடும்.

30 நாள் தாண்டியதும் ஒரு மண்வெட்டியோடு போங்கள். செடியைப் பிடித்து இழுத்தால் வேர்முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்ணோடு பெயர்த்துத் தண்ணீரில் அலசுங்கள். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்து செடிக்குச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது. யூரியாவை அள்ளிப் போட்ட வயலிலும் தண்ணீர் தேங்கிய வயலிலும் முடிச்சு குறைவாக இருப்பதை எல்லோரும் ஒன்றாக நின்று பார்க்கட்டும். அதற்குப் பிறகு உரத்தைப் பற்றி நீங்கள் பெரிதாகப் பேச வேண்டியிருக்காது.

மஞ்சள் தேமல் வந்த செடிகளைப் பிடுங்குவதைக் குழுவாக ஒரே நாளில் செய்யுங்கள். நோயைச் சுமக்கும் வெள்ளை ஈ வயல் வயலாகப் பறக்கிறது. ஒருவர் பிடுங்கி அடுத்தவர் விட்டால் பிடுங்கினவர் கூலிதான் வீண். காய்ப்புழுவுக்கும் இதுவே கதை. பெண் பூச்சியின் வாசனையால் ஆண் அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை எல்லா வயலிலும் வைத்து, விழுந்த அந்துப்பூச்சியின் எண்ணிக்கையை தினமும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். குழுவின் வாட்ஸ்அப்பை இந்த மாதிரித் தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. காலை வணக்கப் படங்கள் குவிந்தால் பூச்சி எண்ணிக்கையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பூக்கும்போது 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல் தெளிக்கலாமா என்ற பேச்சு எழும். லிட்டருக்கு 20 கிராம், முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் எடுத்துத் தெளிப்பது. 15 நாள் கழித்து இன்னொரு முறை. பலன் உண்டா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே வயலில் பாதிக்குத் தெளித்து, பாதியை விட்டுவிட்டு, இரண்டையும் தனித்தனியாக அடித்து எடை போடுங்கள். குழுவில் எழும் எந்தச் சச்சரவையும் இப்படி ஒரு பட்டை நிலத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

விற்று முடித்தபின் கூடும் கூட்டத்தில் நோட்டுகள் திறக்க வேண்டும். பலருக்கும் கூச்சம் இருக்கும், அதனால் தொகையைச் சொல்லச் சொல்லாதீர்கள். ஒரு கிலோ விளைவிக்க எவ்வளவு செலவானது என்ற ஒரே எண்ணைப் பேர் போடாத சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சொந்த வீட்டாரின் உழைப்புக்கும் கூலி போட்டுத்தான் கணக்கிட வேண்டும். சீட்டுகளை வரிசைப்படுத்தினால், அதிகம் விளைவித்தவர்தான் அதிகம் மிச்சம் பிடித்தார் என்று சொல்ல முடியாது என்பது தெரியும். குறைந்த செலவுக்காரர் தானாக முன்வந்தால் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். அடுத்த பருவத்துக்கான திட்டம் அங்கேதான் பிறக்கிறது.

சேர்ந்து விற்க நினைத்தால் விதைக்கும்போதே ஒரே ரகமாக முடிவு செய்யுங்கள். மணி கலந்தால் விலை இறங்கும். உடனே விற்க வேண்டிய கட்டாயமில்லாதவர்கள் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே போகும்வரை காயவையுங்கள். பயறு வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டை வைத்துவிடுகிறது, ஆகவே பார்க்கச் சுத்தமாக இருக்கும் மூட்டைக்குள்ளும் வண்டு வரும். காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகள் இதற்கு நல்ல வழி. கேமரூனில் தட்டைப்பயறுச் சேமிப்புக்காக 1980-களின் இறுதியில் உருவான முறை அது. உள்ளே இருக்கும் வண்டு பிராணவாயு தீர்ந்து பெருக முடியாமல் போகும். பையை வாங்கும் முன் காற்றூதி, கன்னத்தருகே பிடித்து அழுத்திப் பாருங்கள், ஓட்டை இருந்தால் தெரிந்துவிடும்.