ஸ்பிரிங்க்ளர் ஹைட்ராலிக் கணக்கு: சாஃப்ட்வேர் கண்ணில் படாத தவறுகள்

தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் கொட்டும் ஸ்பிரிங்க்ளர்களுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கணக்குப் போடுவது எங்கள் வேலை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இதைப் பார்க்கிற எங்களைப் போன்ற பலருக்கு இரட்டைப் பிழைப்பு. பகலில் உள்ளூர் ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் டெக்சாஸில் ஒரு குடோன். கம்ப்யூட்டரும் ஒன்று, சாஃப்ட்வேரும் ஒன்று. பழைய ஃபைலைத் திறந்து ‘சேவ் ஆஸ்’ கொடுத்துப் பெயரை மாற்றினால் புது புராஜெக்ட் தயார். வினையும் அங்கேயே தயார்.

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குக் கொடுத்த ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் டாலஸ் முகவரி அச்சாகிப் போயிருந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “தம்பி, நமக்கு அங்க ஒரு மில் இருக்கறது எனக்கே தெரியாதே” என்றார். அசடு வழிந்ததோடு சரி. பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தாயிற்று. இப்படிப் பளிச்சென்று தெரிகிற தவறால் யாருக்கும் கேடில்லை. ஓர் அழுத்தத்தில் ஸ்பிரிங்க்ளர் எவ்வளவு தண்ணீர் விடும் என்று சொல்கிற எண் கே ஃபேக்டர். அதை மறந்துபோய் அமெரிக்க அளவில் 5.6 என்று மெட்ரிக் ஃபைலில் போட்டால், ஒரு ஸ்பிரிங்க்ளருக்கு 300 பார் வேண்டும் என்று சாஃப்ட்வேர் அலறும். மெட்ரிக் அளவான 80 என்று மாற்றிவிடுவோம். அலறாமல் ‘ஓகே’ சொல்லி விடுகிற எண்கள்தான் கவிழ்க்கும்.

அதே கே ஃபேக்டரில் அப்படி ஒன்று உண்டு. ஜவுளிக்கடையில் ஒரு ஸ்பிரிங்க்ளர் 12 சதுர மீட்டரைப் பார்க்கிறது, டென்சிட்டி, அதாவது தரையில் விழ வேண்டிய தண்ணீரின் உயரம், நிமிடத்துக்கு 8.1 மி.மீ. என்றால், அது நிமிடத்துக்கு 97 லிட்டர் கொட்ட வேண்டும். கே 80 என்றால் அதற்கு ஏறக்குறைய 1.48 பார் வேண்டும். பழைய ஃபைலில் கே 115 இருந்து, அதை மாற்றாமல் விட்டால் 0.71 பார் போதும் என்று வரும். குறைந்தபட்ச அழுத்தமான 0.5 பாரைத் தாண்டிவிட்டதால் சாஃப்ட்வேருக்கு மகிழ்ச்சி. சைட்டுக்கு வந்து இறங்குவதோ கே 80.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது பைப்பின் உள்விட்டங்களைக் கொடுக்கிற பைப் டேபிளுக்கு. சாஃப்ட்வேரோடு வருவது ஷெட்யூல் 10, ஷெட்யூல் 40 என்ற அமெரிக்கப் பைப் வகைகள். நம் ஊரில் போடுவது இந்தியத் தரமான ஐஎஸ் 1239, அதிலும் பெரும்பாலும் ஹெவி, கடைக்காரர் பாஷையில் சி கிளாஸ். எல்லாவற்றுக்கும் பெயர் 25 மி.மீ. பைப்தான், உள்விட்டம் வேறு. ஷெட்யூல் 10-இல் ஏறத்தாழ 27.9 மி.மீ., ஐஎஸ் மீடியத்தில் 27.3, ஹெவியில் 25.7. இரண்டு மில்லிமீட்டருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். பைப்பில் உரசலால் போகும் அழுத்தத்தைக் கணக்கிடும் ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரத்தில் விட்டம் 4.87 மடியாக உட்கார்ந்திருக்கிறது. நிமிடத்துக்கு 100 லிட்டர் ஓடும்போது, சி வேல்யூ (பைப்பின் உட்புற வழவழப்பைக் குறிக்கும் எண்) 120 என்று வைத்தால், ஷெட்யூல் 10 பைப்பில் மீட்டருக்கு 0.040 பார் இழப்பு, ஹெவியில் 0.059. அதாவது உரசல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு நானே இதில் மாட்டினேன். கணக்கு முடிந்து, டிராயிங் போய், பைப்பும் வந்து இறங்கிவிட்டது. வேறு வேலையாகப் போன இடத்தில் எட்டிப் பார்த்தேன். சுவரோரம் அடுக்கியிருந்த பைப்புகளில் சிவப்புப் பட்டை. மஞ்சள் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. என் ஃபைலில் டெக்சாஸ் குடோனின் ஷெட்யூல் 10. வயிற்றில் புளி கரைத்தது. 2004 ஜூலை 16 பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அது, கடை முதலாளி என்னிடம் முதல் நாளே கேட்டது, “நேரத்துல தண்ணி வருமில்ல?” என்ற ஒரே கேள்வி. பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் காதில் ஓடியது. நல்லவேளை, பம்ப் ஆர்டர் இன்னும் போகவில்லை. ராத்திரியே மறுகணக்குப் போட்டு, கடைசி வரிசைகளில் 25-ஐ 32 ஆக்கினோம். இப்போதெல்லாம் பைப் டேபிளை நிரப்பும் முன் பர்ச்சேஸ் ஆர்டரின் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

சி வேல்யூவும் இதே ஜாதி. சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப் வேலையிலிருந்து காப்பி அடித்த ஃபைலில் 150 இருக்கும். எப்போதும் தண்ணீர் நிற்கிற இரும்புப் பைப்புக்கு 120. இதை மாற்ற மறந்தால் உரசல் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு ஏறிய இடமென்றால் நான் 100 போட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். உரசல் 40 சதவீதம் கூடும். பம்ப் அதையும் தாங்குகிறதா என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வாடிக்கையாளரிடம் சொன்னால் செலவைக் கூட்டப் பார்க்கிறான் என்பார். சொல்லிவிட வேண்டும்.

அடுத்து ஹேசர்ட், அதாவது தீ அபாய வகை. எந்த வகைக்கு எவ்வளவு டென்சிட்டி, எவ்வளவு பரப்பு எரிவதாக வைத்துக் கணக்குப் போடுவது என்று விதிநூல் சொல்லும். அமெரிக்க நூலான என்எஃப்பிஏ 13 படி ஜவுளிக்கடை ஆர்டினரி ஹேசர்ட் குரூப் 2: 8.1 மி.மீ., 139 சதுர மீட்டர். இந்திய நூலான ஐஎஸ் 15105-இன் 2002 பதிப்பில் மாடரேட் ஹேசர்டுக்கு 5 மி.மீ., ஆனால் பரப்பு 360 சதுர மீட்டர். பெருக்கினால் முன்னதில் நிமிடத்துக்கு சுமார் 1,126 லிட்டர், பின்னதில் 1,800. எந்த நூல் என்று முதலில் முடிவு செய்து அதிலேயே நிற்க வேண்டும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்து, 5 மி.மீ. இங்கிருந்தும் 139 அங்கிருந்தும் எடுத்தால் 695 லிட்டரில் கணக்கு முடிந்துவிடும். சாஃப்ட்வேர் ஒன்றும் சொல்லாது. இரண்டு கட்டத்திலும் எண் இருக்கிறது, அதற்கு அது போதும். தீயணைப்பு வீரர்களின் ஹோஸுக்காகக் கூட்ட வேண்டிய நிமிடத்துக்கு 950 லிட்டரும் இங்கேதான் விடுபடும், லைட் ஹேசர்ட் ஃபைலின் 380 அப்படியே தங்கிவிடும்.

தண்ணீர் மூலம் என்ற பக்கத்தில் ஸ்டாட்டிக் (தண்ணீர் ஓடாதபோது அழுத்தம்), ரெசிடுவல் (ஓடும்போது மிஞ்சும் அழுத்தம்), ஃப்ளோ (ஓடும் அளவு) என்று மூன்று கட்டம் கேட்கும். அது தெருவிலேயே அழுத்தமுள்ள மெயின் ஓடுகிற ஊருக்கானது. நமக்கு சம்பும் பம்பும். கணக்கு ஓடினால் சரி என்று அந்த மூன்றிலும் வாய்க்கு வந்ததை நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பம்ப் கர்வைத்தான், அதாவது எவ்வளவு ஓடும்போது எவ்வளவு அழுத்தம் என்ற வளைகோட்டைத்தான், கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 2,850 லிட்டரை 70 மீட்டர் உயரத்துக்கான அழுத்தத்தில் தள்ளும் பம்ப் என்றால், வால்வு மூடிய நிலையில் 98 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 4,275 லிட்டர் ஓடும்போது 45.5 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. இது தீயணைப்புப் பம்புகளுக்கான என்எஃப்பிஏ 20 போடும் வரம்பு. உண்மையான மூன்று புள்ளிகளைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள்.

பிறகு மட்டம். சர்வேயர் தன் பெஞ்ச்மார்க்கை 100.000 என்று வைத்திருப்பார். ஆர்க்கிடெக்டுக்குத் தரைத்தளம்தான் பூஜ்யம். வெள்ளத்துக்குப் பயந்து நம் பக்கம் தளத்தை ரோட்டிலிருந்து தூக்கிக் கட்டுவோம். பம்ப் அறையோ சம்பையொட்டிப் பள்ளத்தில். (ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்பது தனிக் கதை.) பம்ப் மைனஸ் 4.2 மீட்டரில் இருக்க, ஃபைலில் பூஜ்யம் என்றால் 0.41 பார் கணக்கிலேயே வராது. 100.000 பாணி எண்ணை ஒரு நோடில் (பைப்புகள் சேரும் புள்ளியில்) மட்டும் போட்டால் உடனே தெரிந்துவிடும். இந்த 4.2 தெரியாது.

கட்டடத்தின் உபயோகம் என்ற கட்டத்தைப் பலர் வெறும் பெயர்ப்பலகை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தண்ணீரை மேலே ஏற்றும் ரைசர் பைப்பில் சங்கிலி போட்டுத் தொங்கவிடும் தகட்டில் டென்சிட்டி, பரப்பு, ஹோஸ் அளவோடு அதுவும் ஏறும். நாளைக்குப் புடவைக் கடையை ஃபர்னிச்சர் குடோனாக மாற்றுகிறவர் அதைத்தான் பார்ப்பார். டெல்டாவில் ஒரு கல்யாண மண்டபத்தில், சமையல் கட்டுக்கும் ஸ்டோருக்கும் தண்ணீர் போகிற ரைசரில், ‘ஆஃபீஸ், லைட் ஹேசர்ட்’ என்று எழுதிய தகடு தொங்குகிறது. போன தடவை போனபோது மாலை கட்டுகிற நூல்கண்டை அதன்மேல் மாட்டி வைத்திருந்தார்கள்.