பயப்பட வேண்டிய மாத்திரை எதுன்னு தெரியாமலே பயப்படறோம்

டிப்ரெஷன் மாத்திரை போட்டா அடிமையாயிடுவோம்னு நம்ம வேலூர் பக்கம் நெறைய பேர் சொல்லிகினு இருக்காங்க, ஆனா அதே ஆளுங்கதான் தூக்கம் வரலன்னா மெடிக்கல்ல போய் பழைய அட்டைய காட்டி "அண்ணா இதே ஒரு அட்டை குடுங்க"ன்னு சீட்டே இல்லாம கேக்கறாங்க. பயம் இருக்கறது தப்பில்ல, ஆனா தப்பான மாத்திரை மேல இருக்கு.

எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் மாதிரி டிப்ரெஷன் மாத்திரைங்க போதை குடுக்காது, வேலை செய்யவே 2 வாரத்துல இருந்து 6 வாரம் வரைக்கும் ஆகும். நாலு நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்தறதும், நாமளா ரெண்டா சேத்து போடறதும் ரெண்டுமே தப்பு. அதவிட பெரிய தப்பு, நல்லாயிடுச்சுன்னு ஒரே நாள்ல விட்டுடறது. தலை சுத்தும், தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி சுள்ளுங்கும், தூக்கம் போயிடும், எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவாங்க, உடனே வீட்ல "பாத்தியா, அடிமையாக்கிடுச்சு"ன்னுவாங்க. அது போதைக்கு ஏங்கறது இல்லீங்க, மாத்திரைக்கு பழகின உடம்பு திடீர்னு அது இல்லாம தடுமாறுது, அவ்ளோதான். பராக்ஸடின், வென்லாஃபாக்ஸின்ல இது ஜாஸ்தி. ஃப்ளூவாக்ஸடின் ரத்தத்துல ரொம்ப நாள் தங்கறதால கம்மி. பொதுவா நல்லானப்புறமும் 6 மாசமாச்சும் போட சொல்லுவாங்க, அப்புறம் டாக்டரே கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாரு, சில பேருக்கு அது மாசக்கணக்குல கூட இழுக்கும்.

நெஜமாவே பிடிச்சிக்கறது குளோனாசெபாம், அல்பிரசோலாம் மாதிரி தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் குடுக்கற வகை. மெயினான டிப்ரெஷன் மாத்திரை வேலை செய்ய லேட்டாகும்ல, அதுவரைக்கும் பதட்டம் அடங்கட்டும்னு கொஞ்ச நாளைக்கு இத குடுப்பாங்க, சில சமயம் எஸ்சிடாலோபிராமோட ஒரே மாத்திரைலயே கலந்து வரும். போட்ட அன்னிக்கே தூக்கம் வருதா, நம்மாளு இதான்டா மருந்துன்னு மாசக்கணக்குல தொடருவாரு, போகப்போக அதே அளவு பத்தாது, திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் கூட வரலாம். இது மேல சரக்கடிச்சா மூச்சே அடங்கிடலாம், நான் பயமுறுத்தறதுக்கு சொல்லல.

முட்டி வலிக்கு போற எடத்துல டிப்ரெஷன் மாத்திரை போடறத மறைக்காதீங்க. அதோட டிராமடால்ங்கற வலி மாத்திரை சேந்தா ஆபத்தாகலாம், டைக்ளோஃபெனாக்ங்கற வலி மாத்திரை சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்லாச்சேன்னு வாங்கி போடறதும் வேணாம், பைபோலார், அதாவது மனசு ஒரு சமயம் ரொம்ப சோந்து போயும் ஒரு சமயம் அளவுக்கு மீறி எகிறியும் மாறி மாறி வர்ற நோய் இருக்கறவங்களுக்கு, தனியா இத மட்டும் குடுத்தா மனசு எதிர்ப்பக்கமா எகிறிடலாம். 25 வயசுக்கு கீழ உள்ள பசங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல தற்கொலை எண்ணம் கூடலாம், அப்ப வீட்ல ஒருத்தர் கூடவே இருக்கணும்.

பாகாயத்துல சிஎம்சி மனநல சென்டர் இருக்கு, அடுக்கம்பாறைல கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கு, ராத்திரில தாங்க முடியலன்னா டெலி மானஸ்ங்கற கவர்மெண்ட் மனநல ஹெல்ப்லைனுக்கு 14416ல போன் பண்ணலாம், காசு கெடையாது. டாக்டர பாக்க போகும்போது வீட்ல இருக்கற எல்லா அட்டையும் எடுத்துட்டு போங்க, பிபி, சுகர், வலி மாத்திரை உட்பட. மெடிக்கல்ல கத்திரியால வெட்டி குடுத்த துண்டுல பல சமயம் பேரே இருக்காது, அதனால பில்லும் கேட்டு வாங்கி வெச்சிக்கோங்க.