தண்டு செல்லும் தொலைந்த நினைவும்: மூளைச் சீரமைப்பு பற்றி நாம் செய்யும் தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா, சென்ற ஆண்டு ஒரு மாலையில், நான்காக மடித்த வழவழப்பான தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். "பெரியவன் கொடுத்துட்டுப் போனான் சார். இந்த ஊசியைப் போட்டா இவரு பழையபடி ஆயிடுவாரான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். அவருடைய கணவர் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சில மாதங்களாகத் திருப்பாதிரிப்புலியூர் கடைவீதிக்குப் போனால் திரும்பும் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார். மறதி நோய், பக்கவாதம், ஆட்டிசம், மூட்டுவலி ஆகிய நான்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசியில் சரியாகும் என்று அந்தத் தாள் சொன்னது. அதைப் படித்து முடித்தபோது, இந்தத் துறையைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பக்கத்துக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றியது.

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. 'ஸ்டெம் செல்' என்பதைத் 'தண்டு செல்' என்று எழுதப்போய், அது தண்டுவடத்திலிருந்து எடுக்கப்படும் செல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரத்த ஸ்டெம் செல்லுக்காக எலும்பு மஜ்ஜை தானம் என்றதும் "முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும்" என்று குடும்பமே பின்வாங்குவதற்கும் இந்தக் குழப்பம் ஒரு காரணம். மஜ்ஜையைப் பொதுவாக இடுப்பெலும்பிலிருந்துதான் எடுப்பார்கள். தண்டுவடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தன்னைப் போன்ற செல்லையும் உண்டாக்கிக்கொண்டு, வேறு வகைச் செல்லாகவும் முதிரக்கூடிய இளஞ்செல்தான் ஸ்டெம் செல். குருத்தணு என்ற சொல் இதற்கு எவ்வளவோ பொருத்தமானது, ஆனால் வழக்கில் ஊன்றவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, புதிய செல் வந்தால் பழைய நினைவும் கூடவே வரும் என்று எண்ணுவது. நினைவு என்பது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முடிந்து வைத்த பொட்டலம் அன்று. செல்களுக்கு இடையிலான இணைப்புகள் எங்கெங்கே வலுத்திருக்கின்றன, எங்கெங்கே தளர்ந்திருக்கின்றன என்பதில்தான் அது பெரும்பாலும் தங்கியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. மரம் நின்ற குழியிலேயே புதிய கன்றை நட்டாலும், பழைய மரம் பல ஆண்டுகளாக மண்ணுக்குள் ஓட்டியிருந்த வேர்கள் அந்தக் கன்றோடு வந்துவிடுவதில்லை. செல்லை மாற்றுவதும் அப்படித்தான். புதிய நரம்புச் செல் உயிர் பிழைத்து, சரியான திசையில் இழை நீட்டி, ஏற்கெனவே இருக்கும் சுற்றோடு இணைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அது இனிமேல் கற்பதற்குத்தான் உதவலாம். பேத்தியின் பெயரைத் தாங்கியிருந்த பழைய இணைப்பு அறுந்து போயிருந்தால், அதை எப்படிக் கட்டியிருந்தார்கள் என்று அந்தப் புதிய செல்லுக்குச் சொல்லித்தர ஆளில்லை.

புது நினைவுகளைப் பதிவதில் முதன்மையான பங்கு வகிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ், கடற்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தப் பெயரைப் பெற்றது. 1953இல் வலிப்பு நோய்க்காகச் செய்த அறுவைச் சிகிச்சையில் இருபுறமும் அந்தப் பகுதியின் பெரும்பங்கை இழந்த ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்குச் சிறுவயது நினைவுகள் பல இருந்தன. புதிதாகச் சந்தித்தவர்களை மட்டும் 2008இல் இறக்கும் வரை மனத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பதியும் இடம் ஒன்று, நெடுநாள் தங்கும் இடங்கள் வேறு என்பதை மருத்துவ உலகம் அவரிடமிருந்தே தெளிவாகக் கற்றது. ஓரிடத்தில் செல்லைச் செலுத்தி 'நினைவை' மீட்பதாகச் சொல்பவர், எந்த நினைவை என்று முதலில் சொல்ல வேண்டும்.

வளர்ந்தவர்களின் மூளையில் புதிய நரம்புச் செல் பிறக்கவே பிறக்காது என்று அடித்துப் பேசுவதும், பிறக்கிறது என்பது முடிந்த முடிவு என்று பேசுவதும் ஒன்றுக்கொன்று எதிரான இரு தவறுகள். நரம்பியலின் முன்னோடியான ரமோன் இ கஹால் மீண்டும் முளைப்பது இல்லை என்றே கருதினார். 1960களில் எலிகளின் மூளையில் புதிய செல்களைக் கண்டதாக ஜோசப் ஆல்ட்மன் எழுதியபோது பலர் பொருட்படுத்தவில்லை. 1998இல், நோயறிதலுக்காக, புதிதாய்ப் பிறக்கும் செல்களில் ஏறும் குறிப்பொருள் ஒன்று செலுத்தப்பட்டிருந்த புற்றுநோயாளிகள் இறந்த பிறகு, அவர்களின் ஹிப்போகாம்பஸில் அந்தக் குறிப்பொருள் ஏறிய புதிய நரம்புச் செல்கள் காணப்பட்டன. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைக் காலக்கணக்காகக் கொண்டு, ஒவ்வொரு பக்க ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 செல்கள் சேர்கின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் மதிப்பிட்டனர். 2018இல் ஒரு குழு, பெரியவர்களிடம் அப்படி எதுவும் தென்படவில்லை என்றது. அதே ஆண்டு இன்னொரு குழு, முதுமையிலும் இருக்கிறது என்றது. வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் 2014இல் வந்த எலி ஆய்வு: புதிய செல்கள் கூடியபோது எலிகள் முன்பு கற்றதை மறந்தன. புதிய இணைப்புகள் பழையவற்றை இடம்பெயர்க்கின்றன போலும். செல் கூடக்கூட நினைவும் கூடும் என்ற எளிய கணக்கை விலங்கின் மூளையே ஏற்றுக்கொள்ளவில்லை.

அடுத்தது, எந்த ஸ்டெம் செல்லும் எந்த உறுப்பாகவும் மாறும் என்ற நம்பிக்கை. விளம்பரங்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுக்கும் மெசன்கைமல் செல்களை. இவை எலும்பாக, குருத்தெலும்பாக, கொழுப்பாக முதிரும் இயல்புடையவை. இரத்தக் குழாய் வழியே செலுத்தினால் இவற்றில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. இவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பது ஆராயத்தக்க செய்தி. ஆனால் அது மூளையில் புதிய நரம்பை நடுவது ஆகாது. நம் நாட்டிலேயே ஐந்து மருத்துவ மையங்களில் 120 பக்கவாத நோயாளிகளிடம், அவரவர் மஜ்ஜைச் செல்களை இரத்தக் குழாய் வழியே செலுத்திப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, பெறாதவர்களைவிடப் பெற்றவர்கள் மேம்படவில்லை. இந்த ஆய்வைப் பற்றி அந்த வழவழப்பான தாளில் ஒரு வரி கூட இல்லை.

கை நடுங்கி உடல் விறைக்கும் பார்கின்சன் நோயில் கிடைத்த நல்ல செய்தியை, மறதி நோயான அல்சைமருக்கும் சேர்த்து எழுதிக்கொள்வதும் தவறு. 2025 ஏப்ரலில் இரண்டு சிறிய ஆய்வுகள் வெளியாயின: ஜப்பானின் கியோட்டோவில் 7 பேர், வட அமெரிக்காவில் 12 பேர். டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும்படி ஆய்வகத்தில் வளர்த்த முன்னோடிச் செல்களை மூளையின் குறிப்பிட்ட இடத்தில் வைத்தார்கள். பெரிய தீங்கு நேரவில்லை, செல்கள் பிழைத்தன, சிலரின் நடுக்கமும் விறைப்பும் குறைந்தன. பார்கின்சனில் உடல் அசைவைக் கெடுக்கும் இழப்பு, பெரும்பாலும் ஒரு வகைச் செல்லின் இழப்பு. அது சுரக்கும் வேதிப்பொருளைத் தேவையான இடத்தில் சுரந்தாலே ஓரளவு பயன் உண்டு. அல்சைமரிலோ பல வகைச் செல்களும் கணக்கற்ற இணைப்புகளும் பரந்த பரப்பில் அழிகின்றன. நோயோடு தொடர்புடைய புரதப் படிவுகளும் அங்கேயே இருக்கின்றன. உப்பேறிய மண்ணில் எத்தனை முறை நாற்று நட்டாலும் என்ன ஆகும் என்பது தெரிந்ததே.

'பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை' என்று துணிவது இன்னும் ஆபத்தானது. கருவிலிருந்து எடுத்த நரம்புச் செல்களை மாஸ்கோவில் பலமுறை பெற்ற ஒரு சிறுவனின் மூளையிலும் தண்டுவடத்திலும், அந்தக் கொடையாளர் செல்களிலிருந்தே கட்டி வளர்ந்ததை 2009இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சொந்தச் செல்லானாலும் முதுகுநீரில் செலுத்தும்போது தொற்று ஏற்படலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் செலுத்துவதை நெறியற்றது என்கிறது. இரத்தப் புற்று போன்ற நோய்களுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை இதில் சேராது, அது நிலைபெற்ற சிகிச்சை. உண்மையான ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் இருக்கும், பங்கேற்பவரிடம் செல்லுக்குப் பணம் கேட்க மாட்டார்கள். என்னிடம் வந்த தாளில் தவணை வாரியாகத் தொகை இருந்தது, பதிவு எண் இல்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு, இதற்கிடையே கரையும் காலம். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். அப்போது தயங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்துச் செல் ஊசிக்கு நிலத்தை அடகு வைப்பதால் ஆவது ஒன்றும் இல்லை. மறதியிலும் பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த இரத்தம் என்று சரிசெய்யத்தக்க காரணங்கள் பல உண்டு. பி12, தைராய்டு, இரத்தக் கசிவு ஆகியவற்றை இரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் பெரும்பாலும் காட்டிவிடும். மற்றவற்றை மருத்துவர் கேட்டறிய வேண்டும்.

அந்த அம்மாவிடம், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள் என்று சொன்னேன். பி12 மிகவும் குறைந்திருந்தது. வயிற்றெரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் ஆண்டுக்கணக்கில் கடையில் வாங்கித் தின்ற மாத்திரைகளும் பையிலிருந்து வெளியே வந்தன. பி12 ஊசி போட்டு, தூக்க மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திய பிறகு, பகல் முழுதும் இருந்த மயக்கம் தெளிந்து அவர் மீண்டும் நாளிதழ் படிக்கிறார். கடைவீதி வழி இன்னும் சில நாள் குழம்புகிறது. மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். சட்டைப்பையில் மகனின் கைப்பேசி எண் எழுதிய அட்டை ஒன்றை அந்த அம்மா தைத்து வைத்திருக்கிறார்.