அனுபியாஸ் அழுகாமல் வளர: வடசென்னைத் தொட்டிகளுக்கு

மீன் தொட்டியில் வளர்க்கும் அனுபியாஸ் செடியை வாங்கி வந்ததும் பலர் செய்வது, அதை மணலில் ஆழமாக ஊன்றுவதுதான். சில வாரங்களில் இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கும். பழி தண்ணீர் மேல் விழும். நம்ம ஊர் சேம்பின் குடும்பம்தான் இது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் காட்டோடைகளில் பாறையையும் விழுந்த மரத்தையும் பற்றி வளர்கிறது. வேர் மட்டும் மணலுக்குள் போகலாம். இலை கிளம்பும் பச்சைத் தண்டை, அதாவது ரைசோமை, மூடினால் அழுகிவிடும்.

கொளத்தூர் கடைகளில் வாங்கும்போது இலையைப் பார்க்காதீர்கள், ரைசோமை விரலால் அழுத்திப் பாருங்கள். இஞ்சி மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினாலோ நாற்றம் வந்தாலோ வேண்டாம். வெள்ளைத் திட்டு விழுந்த 'பின்டோ' ரகம் அழகுதான். ஆனால் அதில் பச்சையம் குறைவு, வளர்ச்சி இன்னும் மெதுவு, விலையும் கூட. முதல் செடிக்கு 'நானா' ரகம் போதும்.

வீட்டுக்கு வந்ததும் செடியில் சுற்றியிருக்கும் ஈயப் பட்டையையும், வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சையும் முழுக்க எடுத்துவிடுங்கள். இலையின் அடிப்புறத்தில் கண்ணாடி போன்ற சிறு ஜெல்லிக் கட்டி ஒட்டியிருந்தால் அது நத்தை முட்டை. நகத்தால் சுரண்டி எறியுங்கள். பழைய வேர்களை இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். பிறகு செடியை டிரிஃப்ட்வுட்டிலோ (தொட்டிக்குள் வைக்கும் மரக்கட்டை) கல்லிலோ வைத்து, தூண்டில் போடும் தங்கூஸ் நரம்பால் இரண்டே சுற்று, ரைசோம் நசுங்காமல் கட்டுங்கள். ஃபெவிகுவிக் என்றால் வேரில் ஒரு சொட்டு போதும். கடற்கரைக் கல்லை எடுத்து வந்தால் அதன் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீர் இன்னும் கடினமாகும்.

நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்த செடி என்றால் முதல் மாதம் பழைய இலை சில மஞ்சளாகும். ரைசோம் கெட்டியாக இருந்தால் பதற வேண்டாம். நல்ல நிலையிலேயே மாதத்துக்கு ஓரிலைதான் வரும். அந்த மெத்தனம்தான் பாசிக்கு வாய்ப்பு: ஒரே இலை வருடக்கணக்கில் வெளிச்சத்தில் கிடக்கிறது. அதனால் லைட் 6 மணி நேரம் போதும், ஜன்னல் வெயில் படவே கூடாது. கறுப்பு முடிப்பாசி வந்துவிட்டால் செடியை வெளியே எடுத்து, 3% ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிரஷ்ஷால் பாசி மேல் தடவி, 3 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். மெடிக்கலில் 6% கிடைத்தால் சம அளவு தண்ணீர் கலக்கவும். பாசி முதலில் சிவக்கும், பிறகு வெளுத்து உதிரும்.

உரம், லேபிளில் போட்டிருப்பதில் பாதி. தொட்டிக்குள் தனியாக CO2 வாயு செலுத்தத் தேவையில்லை. புது இலை வெளிறினால் இரும்புச்சத்துக் குறைவு. பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம் குறைவு.

தண்ணீர்தான் இங்கே பெரிய விஷயம். மீஞ்சூர், எண்ணூர் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்து, அதிகமென்றால் ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்ட்டி-குளோரின் மறக்காதீர்கள். 22 முதல் 28 டிகிரி வரை இதற்குச் சுகம். மே மாதத்தில் தொட்டி 32-ஐத் தாண்டினால் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேனைத் திருப்பிவிடுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றுங்கள்.

ரைசோமில் அழுகல் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. சுத்தமான பிளேடால், வெட்டிய பரப்பு முழுக்கப் பச்சையாகத் தெரியும் வரை வெட்டித் தள்ளுங்கள். மிஞ்சிய துண்டில் ஓரிலை இருந்தாலும் பிழைக்க வாய்ப்புண்டு. நல்ல செடியைப் பிரிப்பதும் இதே பிளேடால்தான். துண்டுக்கு மூன்று நான்கு இலை விட்டு வெட்டி, தனித்தனிக் கல்லில் கட்டிவிடலாம்.