டர்போ காருக்கு எக்ஸாஸ்ட் கட்டுவது: சூடான பைப்புக்கு இடம் விட்டு வெல்டு அடியுங்கள்

நான் முதன்முதலில் சொந்தக் கையால் கட்டிய எக்ஸாஸ்ட் பார்க்க நகை மாதிரி இருந்தது. வண்டி நிசான் சில்வியா எஸ்15, எஞ்சின் எஸ்ஆர்20டிஇடி. டர்போ வாயிலிருந்து பின் பம்பர் வரை 3 இன்ச் ஸ்டெயின்லெஸ் பைப். விரல் நுழைய இடமில்லாமல் அடிப்பாகத்தோடு ஒட்டிப் போட்டிருந்தேன், அதுதான் தொழில் சுத்தம் என்ற நினைப்பில். இருபது நிமிடம் ஓட்டியதும் பின்னாலிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் ‘டொக் டொக்’ என்று சத்தம். நிறுத்தி ஆறவிட்டால் சத்தம் போய்விடும். சூடேறினால் மறுபடி தட்டும். இரண்டாவது வாரம் டவுன்பைப் (டர்போவிலிருந்து கீழிறங்கும் முதல் துண்டு) ஃபிளாஞ்ச் (இணைப்புத் தட்டு) ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்தது.

304 ஸ்டெயின்லெஸ் பைப் ஒரு மீட்டர், 600 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 1 செ.மீ. நீளும். என் லைன் கிட்டத்தட்ட 3 மீட்டர். முன்பக்கம் சூடு அதிகம், பின்பக்கம் குறைவு. சராசரியாக 400 டிகிரி ஏறியது என்று வைத்துக்கொண்டாலும் 2 செ.மீ. நீண்டிருக்கும். நீளப் போக்கிடம் இல்லாமல் பைப், பின் சக்கரங்களின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்-ஃபிரேமில் போய் இடித்தது, இடித்த விசை முழுதும் திரும்பி முன் ஃபிளாஞ்சில் இறங்கியது. என் வெல்டிங்கில் குறையில்லை. குளிர்ந்து கிடந்த காருக்கு அளவெடுத்ததுதான் தப்பு. இரண்டாவது தடவை அதே வண்டிக்கு எப்படிக் கட்டினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பைப் அளவு. ‘கொஞ்சம் பேக் பிரஷர் (பின்னழுத்தம்) இருந்தால்தான் இழுவை வரும்’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டர்போவுக்குப் பின்னால் அந்தப் பேச்சுக்கு வேலையே இல்லை. டர்போவுக்குள் எக்ஸாஸ்ட் வாயு தள்ளும் டர்பைன் சக்கரம் சுற்றுவது அதற்கு முன்னுள்ள அழுத்தத்துக்கும் பின்னுள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசத்தால். பின்னால் அழுத்தம் குறையக் குறைய டர்போ சீக்கிரம் சுழன்று எழும். டர்போ இல்லாத எஞ்சினில் பைப்பின் நீளத்தையும் விட்டத்தையும் வைத்து வாயுத் துடிப்பைப் பிடிப்பார்கள். இங்கே அந்தத் துடிப்பைப் பெரும்பாலும் டர்பைனே தின்றுவிடுகிறது. இரண்டு லிட்டர் எஞ்சினில் 300, 400 குதிரைத்திறன் வரை 3 இன்ச் தாராளம். இரண்டரை இன்ச்சிலிருந்து மூன்றுக்குப் போனால் விட்டம் அரை இன்ச்தான் கூடுகிறது, வழி 44 சதவீதம் கூடுகிறது. அதற்கு மேல் போக ஆசைப்பட்டால் வண்டிக்கு அடியில் இடம்தான் முதல் சிக்கல்.

எக்ஸாஸ்ட் தாராளமானதும் சில வண்டிகளில் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) தானாக ஏற ஆரம்பிக்கும். டர்பைனுக்குப் போகாமல் வாயுவை ஒதுக்கிவிடும் கதவுதான் வேஸ்ட்கேட்; உள்ளமைந்த வேஸ்ட்கேட்டின் சின்ன ஓட்டை வழியாக வேண்டிய அளவு வாயுவைத் திருப்பிவிட முடியாததால் வருவது இது. ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறும். அதனால் புது எக்ஸாஸ்ட் போட்ட அன்றே பெடலை அழுத்திப் பார்க்காதீர்கள். பூஸ்ட் மீட்டரில் ஒரு கண் வைத்து மூன்றாம் கியரில் படிப்படியாக ஏற்றுங்கள். எகிறினால் காலை எடுங்கள், ட்யூனிங் முடியும்வரை அடக்கி ஓட்டுங்கள்.

உலோகத்தில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. 304, சுவர் தடிமன் 1.5 அல்லது 1.6 மி.மீ., எல்லா இடத்துக்கும் போதும். டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டும் சேர்த்துக் கட்டுபவர்கள் 321 பார்க்கலாம். அதில் டைட்டானியம் கலந்திருப்பதால் தொடர் சூட்டில் வெல்டு ஓரம் சீக்கிரம் கெடாது. பெண்டு வாங்கும்போது மேண்ட்ரல் பெண்டாக (நசுங்காமல் உள்ளே தாங்கு கொடுத்து வளைத்தது) வாங்குங்கள். சாதா அழுத்து மெஷினில் வளைத்தால் உள்வளைவு நசுங்கும், காசு கொடுத்து வாங்கிய 3 இன்ச் அங்கே இரண்டரை ஆகிவிடும்.

அளவெடுக்கும்போது வண்டியை பாடியில் தாங்கித் தூக்காதீர்கள், நான் முதல் தடவை செய்த இன்னொரு தப்பு இது. பாடியைத் தூக்கினால் பின் சக்கரங்களும் டிரைவ் ஷாஃப்டும் கீழே தொங்கிவிடும். பைப்புக்கு மேலே நிறைய இடம் இருப்பதுபோல் தெரியும், இறக்கினதும் எல்லாம் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். சக்கரம் தரையை மிதித்து நிற்கும் நிலையே கணக்கு. நான்கு சக்கரமும் ஏறி நிற்கிற ராம்ப் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சஸ்பென்ஷன் கைகளுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து எடையை அதன்மேல் ஏற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம்.

அடுத்து எஞ்சினை ஆட்டிப் பார்க்க வேண்டும். நீளவாக்கில் உட்கார்ந்த எஞ்சின் முறுக்கு ஏறும்போது பக்கவாட்டில் சாயும். ஒரு மரக்கட்டையை நெம்புகோலாகக் கொடுத்து இருபுறமும் தள்ளினேன். டவுன்பைப் வரவேண்டிய இடத்தில் சுண்ணக்கோடு போட்டுப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 1 செ.மீ.க்கு மேல் போய் வந்தது. ஸ்டியரிங் தண்டு பக்கத்திலேயே ஓடுகிற வண்டி இது. அங்கே 2 செ.மீ. இடைவெளியும் நடுவில் ஒரு வெப்பத் தகடும் வைத்தேன்.

டவுன்பைப் தொடங்கும் இடத்தில் டர்பைன் வாயும் வேஸ்ட்கேட் வாயும் அருகருகே இருக்கும். இரண்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி அகன்று தொடங்கி 3 இன்ச்சுக்குக் குறுகும் மணிவாய் வடிவம்தான் கட்டச் சுலபம், தொந்தரவும் குறைவு. வேஸ்ட்கேட்டுக்குத் தனிக்குழாய் விட்டு, ஒன்றரை அடி தள்ளி சாய்வாகக் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. அது நன்றாக வேலை செய்யும், ஆனால் இரண்டு குழாயும் வேறுவேறு அளவில் சூடாகி ஒன்றையொன்று இழுக்கும், வெடிப்பு விழ ஒரு இடம் கூடுகிறது. எனக்கு மணிவாய் போதும்.

காற்று-எரிபொருள் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாருக்கான போஸை (சென்சாரைத் திருகும் மரை வளையம்) டர்போவிலிருந்து 60 செ.மீ. தள்ளி, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால், பைப்பின் மேல்பாதியில் வைத்தேன். கீழ்ப்பாதியில் வைத்தால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஊறும் தண்ணீர் சென்சாரில் தேங்கும், சூடான பீங்கானில் அது பட்டால் விரிசல்தான். போஸை வெல்டு பண்ணும்போது பழைய சென்சார் ஒன்றை உள்ளே திருகி வைத்துக்கொள்ளுங்கள், மரை கோணாமல் இருக்கும். கேட்டலிஸ்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் பைப் போடுவது பெரும்பாலான நாடுகளில் சாலை வண்டிக்குச் சட்டவிரோதம். ஒரு சதுர இன்ச்சுக்கு 200 துளை உள்ள உலோக கேட்டலிஸ்ட்டால் நான் எந்தக் குறையையும் உணரவில்லை. சீக்கிரம் சூடேறி வேலையைத் தொடங்க வேண்டும் என்பதால் அதை டர்போவுக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே வையுங்கள்.

இனி வெட்டிப் பொருத்துவது. மொத்த நேரத்தில் பாதி இதற்குப் போனால் வேலை சரியான வழியில் போகிறது என்று அர்த்தம். வெட்ட வேண்டிய இடத்தில் பைப்பைச் சுற்றி ஒரு கெட்டிக் காகிதப் பட்டையை இறுக்கிச் சுற்றுங்கள். இரு ஓரமும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று வந்தால் கோடு நேர்கோடு. வெட்டியதும் உள்ளும் வெளியும் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு, தட்டையான கண்ணாடி மேலோ கிரானைட் மேலோ ஒட்டிய உப்புத்தாளில் வெட்டுமுகத்தை வட்டமாகத் தேயுங்கள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து உள்ளே டார்ச் அடிப்பேன். வெளியே ஒரு கீற்று வெளிச்சம் வந்தாலும் மறுபடி தேய்ப்புதான். 1.5 மி.மீ. சுவரில் இடைவெளியை ஃபில்லர் ராடால் (உருக்கிச் சேர்க்கும் கம்பி) நிரப்பப் போனால் சூடு அதிகம் இறங்கும், இறங்கின பக்கம் பைப் கோணும், கடைசியில் டிப் (பைப்பின் வால்முனை) பம்பர் ஓட்டையை விட்டு இரண்டு விரல் தள்ளி நிற்கும்.

குறுகலான இடத்தில் ரெடிமேட் பெண்டு உட்காராவிட்டால் 9 டிகிரி ஆப்புத் துண்டுகளாக வெட்டி, 10 துண்டு சேர்த்து 90 டிகிரி ஆக்கலாம். பார்க்க மீன் செதில் மாதிரி அழகாக இருக்கும். அழகுக்காக மட்டும் செய்யாதீர்கள், ஒவ்வொரு சேர்மானமும் வெல்டு வேலை, ஒவ்வொன்றும் கொஞ்சம் சுருங்கும்.

எல்லாத் துண்டையும் வண்டியிலேயே டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் அடித்து நிறுத்துங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டுக்குப் பக்கத்தில் பைப்பிலேயே போடுங்கள், வண்டி பாடியில் வேண்டாம். டேக் மேல், கீழ், இடம், வலம் என்று எதிரெதிராக. பிறகு கழற்றி மேசையில் முழு வெல்டு.

டிக் வெல்டிங், சிலர் ஆர்கான் வெல்டிங் என்பார்கள். 1.6 மி.மீ. சுவருக்கு நான் வைப்பது 50 முதல் 60 ஆம்பியர்; ராடு 308எல், அதுவும் 1.6 மி.மீ. அளவில்தான். பைப்பை சாதா இரும்பு ஃபிளாஞ்சோடு சேர்ப்பதென்றால் 309எல் ராடு. பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும், இதில் சோம்பல் கூடாது. விடாவிட்டால் வெல்டின் உள்முகம் கருகிப் பொருக்குத் தட்டும். வெளியே தங்க நிறத்தில் மின்னும் அதே சேர்மானத்தை அறுத்து உள்ளே பார்த்தால் நிலக்கரி மாதிரி இருக்கும், வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். இரு முனையையும் அலுமினிய டேப்பால் மூடி, கீழ் முனையில் வாயு நுழைய ஒரு துளை, மேல் முனையில் காற்று வெளியேற ஒரு துளை விடுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, அடியிலிருந்து நிரம்பிக் காற்றை மேலே தள்ளும். நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டர் போதும், ஆனால் சில நிமிடம் பொறுத்துத் தொடங்குங்கள். ஒரே மூச்சில் சுற்றிவராமல் கால் வட்டம், எதிர்ப்பக்கம் கால் வட்டம் என்று போங்கள். வைக்கோல் நிறமோ வெளிர் நீலமோ வந்தால் சரி. சாம்பல் நிறம் வந்தால் சூடு மிஞ்சிவிட்டது.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க அசிட்டோன் மட்டும் எடுங்கள், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகே ஆர்க். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஈரம் ஒரு துளி இருந்தாலும் ஆர்க் வெளிச்சத்தில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். ஸ்டெயின்லெஸ் புகையில் நச்சுக் குரோமியமும் உண்டு. நல்ல காற்றோட்டமும் புகை வடிகட்டும் முகமூடியும் இல்லாமல் உட்காராதீர்கள். கம்பித் தூரிகை, கிரைண்டர் வீல் இரண்டும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று தனியாக வையுங்கள். இரும்பில் தேய்த்ததை இதில் தேய்த்தால் பிறகு துருப் புள்ளி வரும்.

வி-பேண்ட் (வளையக் கிளாம்ப்பால் இறுகும்) ஃபிளாஞ்சை வெல்டு பண்ணும்போது ஜோடியாகக் கிளாம்ப் போட்டு இறுக்கி வையுங்கள், தனியாக வைத்து அடித்தால் வளைந்துவிடும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

என் வண்டியின் வெடிப்புக்கு மருந்து மூன்று இடத்தில் இருந்தது. டவுன்பைப் முடிவில் உள்சட்டை உள்ள ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்று வைத்தேன். ஃப்ளெக்ஸ் வளையும், கொஞ்சம் நீளும், குறுகும். முறுக்கலை மட்டும் அது தாங்காது, ஆகவே இரு முனையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி வைத்து டேக் அடிக்க வேண்டும். அடுத்து ஹேங்கர், அதாவது பைப்பைத் தொங்கவிடும் கம்பியும் ரப்பரும். முன்பு கம்பிகளை எப்படித் தோன்றியதோ அப்படி வளைத்துப் போட்டிருந்தேன். இப்போது எல்லாக் கம்பியும் பைப்பின் நீளவாக்கில், ரப்பருக்குள் முன்பின் வழுக்குகிற மாதிரி. குளிர்ந்த நிலையில் ரப்பர் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து தொங்கும், சூடானால் நேராகும். பார்ப்பவர்கள் ‘கோணலாக இருக்கே’ என்பார்கள். இருக்கட்டும். மூன்றாவது, சப்-ஃபிரேமைத் தாண்டும் வளைவை 2 செ.மீ. முன்னால் தள்ளிப் போட்டேன்.

சத்தத்தை அடக்கும் மஃப்ளர் விஷயத்தில் நேர்வழி வகையே டர்போவுக்கு ஏற்றது: துளையிட்ட உள்குழாய், சுற்றிலும் கண்ணாடி இழை. டர்பைனே சத்தத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். மிஞ்சுவது நெடுஞ்சாலை வேகத்தில் காதை அடைக்கும் அந்த ‘ம்ம்ம்’. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 100 தடவை எரிபொருள் எரியும், அதாவது 100 ஹெர்ட்ஸ். ஒரு முனை மூடிய கிளைக்குழாயை லைனில் பக்கவாட்டில் சேர்த்து, அதன் நீளத்தை அலைநீளத்தில் கால் பங்காக வைத்தால் போன அலை திரும்பி வந்து இதை அமுக்கும். 300 டிகிரி வாயுவில் ஒலி நொடிக்குச் சுமார் 480 மீட்டர் ஓடும், 480-ஐ 400-ஆல் (100 ஹெர்ட்ஸின் நான்கு மடங்கு) வகுத்தால் 1.2 மீட்டர். ஆனால் முட்டுச்சந்தான அந்தக் கிளைக்குள் வாயு ஆறியிருக்கும், ஆகவே உண்மையில் தேவைப்படுவது அதைவிடக் குட்டை. மூடியை உடனே வெல்டு பண்ணாமல் உள்ளே நகர்த்தக்கூடிய ஒரு அடைப்பு வைத்துக் கேட்டுப் பார்த்தேன். எனக்கு 1 மீட்டருக்குச் சற்று மேலே சத்தம் விழுந்தது.

கடைசியில் கசிவு. எஞ்சின் ஆறியிருக்கும்போது டெயில் டிப்பில் வாக்கும் கிளீனரின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிச் செருகி, சேர்மானங்களில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்த இடத்தில் குறியிடுங்கள். சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு ரீடிங் பொய் சொல்லும். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் எல்லா வி-பேண்டையும் ஒருமுறை இறுக்குங்கள், கட்டாயம் அரைச் சுற்றாவது போகும்.

இடைவெளியைக் கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். சமையல் அலுமினியத் தாளை லேசாகக் கசக்கி உருண்டையாக்கி, நெருக்கமான இடங்களில் பைப்புக்கும் பாடிக்கும் நடுவே செருகி அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். பைப் எவ்வளவு கிட்டே வந்ததோ அவ்வளவுக்கு உருண்டை நசுங்கியிருக்கும், எடுத்து வெர்னியரில் அளந்தால் போதும். சப்-ஃபிரேம் பக்கம் நான் வைத்தது முதல் ஓட்டத்தில் 6 மி.மீ.க்கு நசுங்கி வந்தது. மஃப்ளருக்கு முன்னுள்ள ஹேங்கரை அறுத்து நகர்த்தி ஒட்டினேன். அடுத்த ஓட்டத்தில் 11.